வாரம் ஒரு ஊசி, நாளுக்கு நாலு அடுக்கு

மூன்றாவது வாய்க்கு மேல் இறங்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவர் சாப்பாட்டு டப்பாவையே வெறித்துக்கொண்டிருந்தார். மூன்று அடுக்கும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

சர்க்கரைக்கு மாத்திரை போதவில்லை என்று டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதியிருந்தார். "சாப்பிட்டதும் நம்ம குடல் ஒரு ஹார்மோன் சுரக்கும். இந்த மருந்தும் அதே மாதிரி வேலை செய்யும். சர்க்கரை இறங்கும், வயிறும் சீக்கிரம் நிறைஞ்சிடும்."

சர்க்கரை இறங்கியது. ஆனால், "உன் கைப்பக்குவம் இல்லாட்டி எனக்குத் தொண்டையில இறங்காது" என்று முப்பது வருஷமாகச் சொன்னவர், மனைவியிடம் எந்த வாயால் பசியில்லை என்பார்? அந்த வீட்டில் பிரியம் என்பது பேச்சாக வந்ததே இல்லை. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க' என்றுதான் வரும்.

வாசல் காவலாளியிடம் மட்டும் ஊசி விஷயத்தைச் சொல்லி, டப்பாவைக் கொடுத்தார்.

சாயங்காலம் காலி டப்பாவைப் பார்த்த மனைவி, "அடடா, போதலையா?" என்றாள். மறுநாள் நாலு அடுக்கு.

ஒரு மாதத்தில் காவலாளிக்குச் சட்டைப் பொத்தான் தெறித்தது. இவருக்குப் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போடும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"நாலு அடுக்கும் காலியாகுது. ஆள் மட்டும் எப்படிங்க தேயுறீங்க?"

"வேலை ஜாஸ்தி."

"மறைக்காதீங்க. சாப்பாடு முன்ன மாதிரி இல்லையா?"

"சேச்சே! இப்பத்தான் கை இன்னும் மணக்குது. இந்த ருசி முப்பது வருஷத்துல இல்ல, போ!"

அவள் முகம் சுண்டிப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புகழ்ந்ததற்கு ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ பேர் எழுத்தில் பிழை கண்டவர், தான் பேசியதில் எங்கே பிழை என்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் நேராகக் காவலாளியிடம் போனார்.

"இனிமே டப்பா வராதுப்பா. இன்னைக்கு அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். அடுப்படியில வெந்து ஆசையா சமைச்சு அனுப்புறா. அதை இப்படித் தள்ளிவிட்டேனேன்னு மனசு அறுக்குது."

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"சொல்லுங்க சார், ஆனா அம்மாவைக் கோவிச்சுக்காதீங்க. அவங்களும் இதே ஊசிதான் போடுறாங்களாம், அடுப்பு வாடையே ஆகலையாம். ரெண்டு மாசமா உங்க டப்பாவுக்குச் சமைக்கிறது என் பொண்டாட்டி."