தென்றலுக்குப் பணி ஓய்வு

மனித குலத்தின் சாதனைகளில் தலையாயது, புயலுக்குப் பெயர் வைத்ததுதான். பெயரில்லாத காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போனால் யார்மீது புகார் எழுதுவது? எங்கள் புயல் அலுவலகத்தில் பெயர் சூட்டும் பிரிவுக்குக் குளிரூட்டிய அரங்கம் உண்டு. நிவாரணப் பிரிவுக்கு மாடிப்படியின் கீழே ஒரு மேசை உண்டு. பகலில் நான் அரங்கத்தில் குறிப்பெடுப்பவன். மாலையில், ஒழுங்காகக் குறிப்பெடுக்கக் கற்றுக்கொள்ள வகுப்புக்குப் போகிறவன்.

சென்ற ஆண்டுப் புயலுக்கு, மக்கள் கலங்கக்கூடாது என்ற பெருங்கருணையால், 'தென்றல்' என்று பெயரிட்டோம். மக்கள் கலங்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினார்கள். சிலர் எழுந்திருக்கவில்லை. ஆற்றுப் பாலமும் போனது.

பெருஞ்சேதம் விளைவித்த பெயரை மறுபடி சூட்டாமல் ஓய்வு கொடுத்துவிடுவது வழக்கம். எங்கள் அலுவலகத் தலைவர் 'தென்றல்' பெயர்ப்பலகைக்கு மாலை போட்டு, "அப்பழுக்கற்ற சேவை" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியிருக்கலாமா என்று இன்னும் சந்தேகம்தான்.

மறுவாரம் என் அக்கா தலைவரைப் பார்க்க வந்தாள். வீடு அக்கரையில், பிரசவ ஆஸ்பத்திரி இக்கரையில், வயிற்றில் ஏழு மாதம்.

"சார், பாலம் எப்ப கட்டுவீங்க?"

"எந்தப் புயல்ல போச்சும்மா?"

"தென்றல்ல."

தலைவர் மிகவும் வருந்தினார். "அது ரிட்டயர் ஆயிடுச்சேம்மா. அந்தப் பேர்ல இனிமே ஃபைல் தொறக்க முடியாது."

"பேருதானே சார் ரிட்டயர் ஆச்சு? ஆறு இன்னும் வேலையிலதான இருக்கு."

"அடுத்த புயல் வரட்டும், அதுல சேத்துக்கலாம்."

"அதுவரைக்கும் வலியை நான் தள்ளிப்போடணுமா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இதையும் எழுதிக்கடா."

எழுதிக்கொண்டேன்.

அடுத்த புயலுக்கு 'தாலாட்டு' என்று பெயரிட்டோம். அது வந்த அன்றுதான் அக்காவுக்கு வலி கண்டது. அத்தான் துடுப்புப் போட, நட்டாற்றில், படகிலேயே பிள்ளை பிறந்தது. தலைவர் அறிக்கை சொல்லச் சொல்ல எழுதினேன்: 'நமது முன்னேற்பாடுகளால் இம்முறை ஒரு பாலம்கூட இடியவில்லை.'

அக்கா கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள்.

"தாலாட்டுல எந்தப் பாலமும் விழலியேம்மா," என்றார் தலைவர், மகிழ்ச்சியாக.

"இருந்தாத்தானே சார் விழும்?"

தலைவர் பேச்சை மாற்றினார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"பேர் வெச்சாச்சா? நானே ஒரு நல்ல பேரா வெக்கட்டுமா?"

அக்கா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வேணாம் சார். நீங்க பேர் வெச்சா, அடுத்த வருஷம் இப்படி ஒரு பிள்ளையே பொறக்கலம்பீங்க."