ஆறு பேனலுக்கும் ஜிப் வைத்த கதை

வெயில் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வாலு, வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நீங்கள் எங்கள் மொட்டைமாடியில் மாட்டிவிட்டுப் போன ஆறு சோலார் பேனல்களும் நலம். ஒரு கீறல் கிடையாது, ஒரு தூசி கிடையாது. போன ஞாயிறு வரைக்கும் ஒரு யூனிட் கரண்டும் கிடையாது. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் போன் அம்மாவின் பீரோவுக்குள் ஓய்வெடுக்கிறது. காரணம் பிறகு.

செருப்புக்கடை வேலையை விட்டுவிட்டு சோலாரில் இறங்கிய நீங்கள், "பதினஞ்சு நாள் ஓடட்டும் மச்சான், ஞாயித்துக்கிழமை தெருவே வந்து இன்வெர்ட்டர் பெட்டியில யூனிட்டப் பாக்கட்டும். ஓடலைன்னா நானே கழட்டிட்டு மறுபடியும் செருப்பு விக்கப் போறேன்" என்று அப்பாவிடம் சபதம் போட்டீர்களா, போட்ட கையோடு வெளியூருக்குப் பயிற்சிக்குப் போய், அங்கிருந்து "பேனல்ல தூசி படியாம பாத்துக்கச் சொல்லு" என்று எனக்கு ஒரு செய்தி தட்டினீர்களா, அதில்தான் வந்தது வினை. வேறு வீடாக இருந்தால் ஈரத்துணி எடுத்திருப்பார்கள். இது இருபது வருஷமாக கவர் தைக்கிறவர் வீடு. ஃபிரிட்ஜுக்குக் கவர், மிக்ஸிக்குக் கவர், ரிமோட்டுக்குக் கவர், அந்தக் கவர் அழுக்காகாமல் இருக்க மேலே இன்னொரு கவர். எங்கள் மிக்ஸிக்கு இருக்கிற அளவு துணிமணி எனக்குக் கிடையாது. அப்பா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடியேறினார். மறுநாளிலிருந்து மாடிச் சாவி அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. படிக்கட்டுச் சுவரில் இருக்கும் பெட்டியைத் தினமும் பார்த்து உங்களுக்கு யூனிட் அனுப்ப வேண்டிய நான், பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு "மேகமூட்டம்" என்று அனுப்பினேன். சின்னப்பெண், வானிலை எனக்கென்ன தெரியும்?

ஞாயிறு காலை பத்து மணிக்கு தெருவே எங்கள் படிக்கட்டில் நின்றது. முன்னால் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா. பெட்டியில் கொழுக்மொழுக்கென்று ஒரு பூஜ்யம். அம்மாவுக்கு முகமே செத்துப்போச்சு. "என் தம்பி பொழப்பு போச்சே"ன்னு முணுமுணுக்கிறாங்க. அப்பா மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கிறார். "பெட்டியில என்னங்க இருக்கு, மேல வந்து பாருங்க, எப்படி வச்சிருக்கேன்னு!" போய்ப் பார்த்தால், மாமா, ஆறு பேனலும் நீலநிற ரெக்ஸின் கவருக்குள்ள, ஓரத்தில் வெள்ளை பைப்பிங், நாலு மூலையிலும் எலாஸ்டிக், நடுவில ஜிப், ஜிப்புக்குள்ள மழைத்தண்ணி போகாம இருக்க மேலே ஒரு மடிப்பு!

நர்ஸ் அக்காதான் முதலில் கேட்டார், "அண்ணே, இது வெயில எப்படிண்ணே குடிக்கும்?"

"வெயில் நேரா பட்டா கெட்டுடும்மா. மச்சான்தான் சொல்லி அனுப்பினான்."

எப்போது, யார் மூலமாகச் சொல்லி அனுப்பினீர்கள் என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். ஹெட்மாஸ்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. நர்ஸ் அக்கா குனிந்து ஒரு ஜிப்பை இழுத்தார். கீழே பெட்டிப் பக்கத்தில் நின்ற அம்மா, "ஒண்ணும் காணோம்!" என்று கத்தினார். ரெண்டாவது ஜிப். ஒண்ணும் காணோம். மூன்றாவதைத் திறந்து கொஞ்சநேரம் நின்றதும் பெட்டி "பீப்" என்று விழித்துக்கொண்டது. "ஏங்க, நம்பர் வருது!" நாலாவது, அம்மா குரல் ஒரு கட்டை ஏறியது. ஆறாவதில் அம்மா கத்தியது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். உடனே ஹெட்மாஸ்டர், "ஒண்ண மூடு பாப்போம்" என்றார். மூடினால் இறங்குது, திறந்தால் ஏறுது. அப்புறம் ஆளாளுக்கு ஜிப்பைத் திறக்கவும் மூடவும் வரிசையே நின்றுவிட்டது. நீங்கள் ஒரு மாசம் தொண்டை கிழியப் பேசியது, அஞ்சு நிமிஷத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஏழு வீட்டுக்காரர்கள் பேனல் கேட்டிருக்கிறார்கள். அதைவிட, ஏழு பேரும் கவர் கேட்டார்கள். ஊருக்குப் போகும்போது போட்டு வைக்கவாம். அப்பா ஏழு வீட்டுக் கவரையும் தைத்து அடுக்கிவிட்டார். உலகத்திலேயே பேனல் வருவதற்கு முன்னால் கவர் வந்த தெரு எங்கள் தெருவாகத்தான் இருக்கும். நீங்கள் சீக்கிரம் வந்து உள்ளே வைக்க வேண்டியதை வையுங்கள். இன்னொரு விஷயம். வருங்காலத்தில் ஜன்னல் கண்ணாடி கரண்ட் தரும், துணியே கரண்ட் தரும் என்று ஒருநாள் சொன்னீர்களே, அன்றைக்குக் கொட்டாவி விட்ட அப்பா இன்றைக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "அந்தத் துணி என்ன அகலத்துல வரும்னு மாமாகிட்ட கேளு. நாப்பத்தினாலு இஞ்சா, அறுபதா?" மெஷின் ஓடுவது உங்கள் பேனலில்தான்.

அம்மாவின் ஆசி, அப்பாவின் அன்பு, மிக்ஸி உள்பட வீட்டில் கவர் போட்டு உட்கார்ந்திருக்கும் அனைவரின் விசாரிப்புகளுடன்,

தங்கள் மருமகள்,
வாலு

பி.கு.: போன் ஏன் பறிபோனது என்று சொல்லவில்லையே. உங்கள் செய்தியில் தூசி மட்டும்தான் இருந்தது. வெயிலைச் சேர்த்தது நான். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன், டேப்பை எடுத்துவிட்டார். பதினைந்து நாளும் வானத்தில் ஒரு துண்டு மேகம்கூடக் கிடையாது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததும் நான்தான். அம்மா செய்தியைப் படித்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியாது. "ஜிப்பத் திறந்து காட்டத்தான் மச்சான் மூடச் சொல்லியிருக்கான், என்ன மூளைடா அவனுக்கு!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். வரும்போது மாமா, தயவுசெய்து அந்த மூளையோடேயே வந்து இறங்குங்கள்.