'ஆண்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து

எனக்குப் படிவங்களைப் பிடிக்கும். இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகமில்லை. முப்பத்து நான்கு வருடம் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, "படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று ஒரு மாவட்டத்துக்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பாடத்தை நான் எங்கே கற்றேன் என்று எந்தச் சக ஊழியரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திருகோணமலை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மேலும் கேட்டிருந்தால் மருத்துவ விடுப்பில் போயிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதாவது எல்லாம் தெரியும் என்கிற பருவம். சென்னையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனாக இருந்த சிவநாதன், படிப்பு முடிந்து ஊர் திரும்பித் திருகோணமலைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தான். "கடற்கரைக்கு வா, பத்து நாள் நில்" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவான். ராமேசுவரம் வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், மறுபடி ரயில், நடுவில் இரண்டு சந்திப்புகளில் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருப்பு. இந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கே அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்.

விசாவோடு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வந்து சேர்ந்த மூன்று நாட்களுக்குள் உள்ளூர் அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வரி. கப்பலில் மற்றவர்கள் அந்தத் தாளில் வடையின் எண்ணெயை ஒற்றினார்கள். நான் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். புறப்படுவதற்கு முன்பே இது குறித்துச் சிவநாதனுக்கு நான்கு பக்கக் கடிதமும் எழுதியிருந்தேன். அவன் பதில் சுருக்கமாக வந்தது: "நீ வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் எழுத்து. நீ கட்டாயம் நிற்க வேண்டும்."

எழுத்து என்றால் பதிவு என்று எடுத்துக்கொண்டேன். (அது சரிதான். எதன் பதிவு என்பதில்தான் சறுக்கினேன்.) அந்த ஊரில் எழுத்து என்றால் ஒன்றே ஒன்றுதான்: கலியாணப் பதிவு. பதிவாகப் போவது சிவநாதனின் தங்கை திலகத்தின் கலியாணம். மாப்பிள்ளை தங்கராசா, வெருகல் பக்கத்து ஆசிரியர். அவருக்கு நாட்டின் மறு கோடிக்கு மாற்றல் வந்திருந்தது. மனைவி திருகோணமலையில் இருக்கிறாள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் காட்டினால் மாற்றல் நிற்கும். எழுத்து வியாழக்கிழமை. இதெல்லாம் எனக்கு வியாழன் பகல் பதினொன்றரைக்குத்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்; நீங்களாவது நிம்மதியாக இருங்கள்.

எனக்கு நிம்மதி இல்லை. ஓர்ஸ் ஹில்லில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் உள் துறைமுகம் நீலக் கண்ணாடிபோலக் கீழே கிடக்கும். நான் அதைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெளிக்கிடு, நிலாவெளிக்குப் போவம்" என்றான் சிவநாதன். (வெளிக்கிடு என்றால் புறப்படு. முதல் தடவை கேட்டபோது, காலையிலேயே முடித்துவிட்டேன் என்று பதில் சொன்னேன்.) அந்த மணலில் சப்பாத்தோடும் கோப்போடும் நின்ற ஒரே மனிதன் நான்தான்.

"இறங்கடா, தண்ணி இளஞ்சூடா இருக்கு" என்று கழுத்தளவு நீரிலிருந்து கத்தினான்.

"எழுத்து முடியட்டும். பதிவாகாதவன் மூழ்கிப் போனால் எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?"

"எழுத்துக்கும் உன்ர குளிப்புக்கும் என்னடா சம்பந்தம்?"

"வியாழக்கிழமைதானே? தள்ளிப் போகாதே?"

"இல்லையடா. பதிவாளர் வீட்டுக்கே வாறார்." தன் தங்கைமேல் எனக்கு இவ்வளவு அக்கறையா என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கே அதிகாரி வருகிறார்! குசினியில் இரண்டு நாளாகப் பலகாரம் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு வெளிநாட்டானின் வருகைப் பதிவுக்கு இத்தனை முறுக்கா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "எழுத்தைப் பற்றிப் பயமில்லையே?" என்று திலகத்திடம் கேட்டேன். அவள் முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டாள். அரசு நடைமுறையைச் சொன்னாலே இந்த ஊர்ப் பெண்களுக்கு நாணம் வருகிறது என்று குறித்துக்கொண்டேன்.

வியாழன் காலையில் சிவநாதனின் அம்மா ஒரு பட்டு வேட்டியோடு வந்தார். "எழுத்துக்கு நிக்கிற ஆள் காற்சட்டையோட நிக்கிறதே? இதைக் கட்டுங்கோ தம்பி." கட்டினேன். சந்தனமும் வைத்தார்கள். மரியாதை எல்லை மீறுகிறது என்று தோன்றியது; ஆனால் நாடு அவர்களுடையது.

குடாவின் மறுகரையிலுள்ள மூதூரிலிருந்து லோஞ்சில் (மோட்டார் படகைத்தான் அப்படிச் சொல்வார்கள்) வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. சிவநாதன் இறங்குதுறைக்கு ஓடினான். வழக்கமான பதிவாளருக்குக் காய்ச்சல் என்று அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்திருந்தார்; குடும்பத்தில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு, லோஞ்சு தெரிகிறது என்று யாரோ கத்த, கூடத்திலிருந்தவர்கள் எல்லாம் மேட்டு விளிம்புக்குப் பார்க்கப் போனார்கள். பெண்கள் அறைக்குள் திலகத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பதிவாளரும் நானும், நடுவே ஒரு பெரிய புத்தகமும்.

"இறக்கக்கண்டியில இன்னுமொரு எழுத்து இருக்கு. எனக்கு மினக்கெட ஏலாது" என்றார். "நீர்தானே வெளியூர் ஆள்?"

"ஆமாம் ஐயா. கடல் கடந்து வந்திருக்கிறேன்."

"லோஞ்சு வரேல்லையெண்டு சொல்லிச்சினம்?"

"நான் கப்பலில் வந்தேன் ஐயா."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மூதூர் லோஞ்சு இப்ப கப்பலாப் போச்சோ? சரி, இப்பிடி இரும்."

பாஸ்போர்ட்டை நீட்டினேன். "அதை உள்ள வையும். உம்மட விபரமெல்லாம் முதலே வந்திட்டுது" என்றார். இரண்டு அரசுகளுக்குள் இப்படி ஓர் ஒத்துழைப்பா என்று மெய்சிலிர்த்தேன். பக்கத்தின் மேல்பாதியை ஒற்றுத்தாள் மூடியிருந்தது. கீழே இரண்டு கட்டங்கள்: ஆண், பெண். சாட்சிகளுக்கு வேறு இடம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் ஒதுக்கிய நிர்வாகத்தை மனசுக்குள் பாராட்டினேன்.

"ஆண் எண்ட இடத்தில வையும்."

"பார்த்தாலே தெரியவில்லையா ஐயா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். வைத்தேன். இனிஷியலோடு முழுப்பெயர், கடைசியில் கட்டத்தைத் தாண்டி ஓடும் ஒரு வால்.

"இனிப் பொம்பிளையைக் கூப்பிடும்."

"என்னோடு பெண்கள் யாரும் வரவில்லை ஐயா."

"உம்மோட வந்திருந்தா எழுத்து என்னத்துக்கு?" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்து திலகம் சிவப்புச் சேலையில் வந்தாள். வெளிவாசலில் சிவநாதனும், முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு ஓர் இளைஞரும், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேரும் ஏறி வந்தார்கள்.

"டேய், அந்தக் கதிரையில நீ ஏன் இருக்கிறாய்?" என்றான் சிவநாதன்.

"எல்லாம் முடிந்தது. கையெழுத்துப் போட்டாயிற்று."

பதிவாளர் நனைந்த இளைஞரைக் காட்டி, "அப்ப இவர் ஆர்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை" என்றது வாசல் முழுவதும்.

"அப்ப இவர்?"

நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "இந்தியப் பிரஜை."

அடுத்த ஒரு நிமிடத்தில் எழுத்து என்ற சொல்லின் பொருளை நான்கு பேர் நான்கு சுருதியில் எனக்கு விளக்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா குடையை விரித்தார். "எழுத்து முடிஞ்சுதெண்டா எங்களுக்கு இங்க என்ன வேலை? தங்கராசா, நட. லோஞ்சு நிக்குது."

"இந்தப் பக்கத்தைக் கிழிக்க ஏலாது, அழிக்கவும் ஏலாது" என்றார் பதிவாளர், வெளிறிப்போய். "மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வரவேணும். ஒரு மாதம் செல்லும்."

திலகம் அப்படியே கதவுப்படியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள், யாரையும் பார்க்காமல். ஒரு மாதத்தில் தங்கராசா மறு கோடிக்குப் போயிருப்பார். பெரியப்பா அவரை இந்தப் படியை மறுபடி மிதிக்கவும் விடமாட்டார்.

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். நானோ, எங்கள் துறையின் கையேட்டில் இப்படிப்பட்ட பதிவுகளுக்கு வழி சொல்லியிருக்கிறது என்று தொடங்கினேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பிக்கு எத்தினை வருஷச் சேவை?"

"இரண்டு."

"எனக்கு இருபத்தெட்டு. உம்மை மாதிரி ஒருத்தரை நான் காணேல்லை."

அப்போது திலகம் எழுந்தாள். "ஐயா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லைத்தானே? நான் வைக்காம இது எப்பிடி எழுத்தாகும்? அரைவாசி எழுத்துக்கு ஏன் மேலிடம்?"

நான் தேடிக்கொண்டிருந்த விதி அதுதான். பதிவாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "ஓரத்தில குறிப்பெழுதி, வெட்டி, எல்லாரும் கையெழுத்து வைச்சாச் சரி" என்றார். "குறிப்பை இவர்தான் தன்ர கையால எழுதவேணும். எழுதும்: இன்னார் ஆகிய நான் அறியாமையால் இவ்விடத்தில் கையொப்பமிட்டேன்."

பேனா நின்றது. நான் முதல் வகுப்பில் தேறியவன். "'தவறுதலாக' என்று போடலாமே ஐயா?"

"தவறெண்டா ஆரின்ர தவறெண்டு கேள்வி வரும். அறியாமைக்கு ஒரு கேள்வியும் வராது."

"'வட்டார வழக்கின் வேறுபாட்டால்' என்று..."

வாசலிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "அறியாமையெண்டு எழுதட்டும். எழுதினா நான் குடையை மடக்கிறன்."

கூடம் முழுக்க என் பேனா முனையைப் பார்த்தது. திலகம் மைக்கூட்டை என் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தாள். எழுதினேன். தெளிவான கையெழுத்தில், எழுத்துப் பிழை இல்லாமல், அ-றி-யா-மை-யா-ல்.

அதுவரை வாயே திறக்காத தங்கராசா குனிந்து பார்த்தார். "அண்ணைக்கு வடிவான கையெழுத்து" என்றார். "வாலுக்குக் கீழ கொஞ்சம் இடம் கிடக்கு. அதில நான் வைக்கட்டோ ஐயா?" முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். குடை மடங்கியது.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் போய்ச் சேர்ந்தது, மாற்றல் நின்றது. அதே நாள் நானும் ஒரு நாள் தாமதமாக என் சொந்தப் பதிவுக்குப் போனேன். படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த குமாஸ்தா, "ஓர்ஸ் ஹில் மாப்பிள்ளை நீங்கள்தானோ?" என்று கேட்டுவிட்டு, கட்டத்தைத் தானே நிரப்பிக்கொண்டார். நான் படித்துப் பார்க்க அவர் அனுமதிக்கவில்லை. அன்று மாலைதான் கடலில் இறங்கினேன். தண்ணீர் இளஞ்சூடாகத்தான் இருந்தது.

ஓரக்குறிப்பு என்பது சாதாரண விஷயமில்லை. மூலப் பதிவில் இருந்தால் ஒவ்வொரு நகலிலும் வரும். திலகத்தின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும், பாஸ்போர்ட் எடுத்தபோதும் என் அறியாமை அத்தாட்சி முத்திரையோடு போய் வந்தது. அந்த வீட்டில் எனக்குப் பெயரே ஓரக்குறிப்பு மாமாதான். மூத்த மகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, மொழிபெயர்ப்பாளர் 'அறியாமை'க்கு மூன்று சொற்களை முயன்று பார்த்துக் கடைசியில் மிகக் கடுமையானதைத் தேர்ந்தாராம். நேர்முகத்தில் அதிகாரி அந்த வரியில் விரலை வைத்து, இந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

"பென்ஷன் எடுத்திட்டார். மற்றபடி மாற்றமில்லை" என்றாளாம் அவள்.

விசா அன்றே கிடைத்தது.