பொறுமைக்கு ஒரு சாம்பிள் தட்டு

ரப்பர் பேண்டு இரண்டாவது வரிசையிலேயே அறுந்து போனது.

"எவன்யா இழுத்தது?" என்று கத்தினான் ஜக்கையன்.

"நீதானப்பா இழுத்துப் பாக்கச் சொன்ன?" என்றார் மாசானம். நாற்பது வருடமாக ஏலக்காய் வாங்கி விற்பவர்.

"இழுக்கச் சொன்னேன், அறுக்கச் சொன்னேனா? மனுசன் பொறுமையும் இப்பிடித்தான், ஓரளவுக்கு மேல தாங்காதுன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அதான் அறுந்துருச்சே. விளங்கிருச்சு, விடு."

ஜக்கையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடிநாயக்கனூரில் அந்த ஏலக்காய் ஏலக் கம்பெனிக்குப் பன்னிரண்டு வருடமாக அவன்தான் மேற்பார்வையாளர். மேனேஜர் நாற்காலி காலியாகி இரண்டு மாதமாகிறது. "கோவத்த அடக்குறது எப்பிடின்னு வியாபாரிகளுக்கு ஒரு வகுப்பு எடு. வெறும் வாய்ப்பேச்சு வேணாம், வீட்டுச் சாமானக் காட்டி விளக்கு. நல்லா எடுத்தீன்னா நாற்காலி உனக்கு" என்று முதலாளி சாம்சன் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அடுக்களையைக் காலி செய்து சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். இல்லாவிட்டால் இந்த ஜென்மங்களுக்குப் பாடம் நடத்த அவனுக்கென்ன தலையெழுத்தா?

அடுத்து குக்கர் வெயிட்டை எடுத்தான்.

"கோவம் ஆவி மாதிரி. அப்பப்ப வெளியேத்திரணும். உள்ளயே வச்சிருந்தா வெடிச்சிரும்."

வெயிட்டு கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வியாபாரி தங்கபாண்டியிடம் போனது. அவர் அதை உருட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுக் குக்கருக்கு இது சரியாச் சேரும்ணே" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கொண்டாய்யா இங்க! அது இல்லாம வீட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி என்னைய அவிச்சிருவா!"

ஏலக்கூடமே சிரித்தது. கையில் கொடுத்தால்தானே பைக்குள் போகிறது என்று ஜக்கையன் ஏலத்துக்கு வைக்கும் சாம்பிள் தட்டு ஒன்றை எடுத்து, அதில் கண்ணாடி டம்ளரை வைத்து நீட்டினான். புத்தி கெட்டுப்போனது அங்கேதான்.

அந்தக் கூடத்தில் சாம்பிள் தட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டில் வரும் ஏலக்காயை வியாபாரி கிள்ளிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், பிறகு மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டுவார். ஏலநாளில் காய்மேல்தான் நடக்க வேண்டும். விலையைக் கம்ப்யூட்டரில் போடும் காலம் வந்தும் அந்தக் கை மட்டும் திருந்தவில்லை.

"உறவுங்கிறது இந்த டம்ளர் மாதிரி. கோவத்துல கைய விட்டோம்னா..."

மாசானம் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார். தட்டில் திரும்ப வைத்து அப்படியே தரையில் கவிழ்த்தார்.

சலீர்!

"இந்த லாட்டுச் சரக்கு சரியில்ல. அடுத்த தட்டக் கொண்டா" என்றார் தலை நிமிராமல்.

ஜக்கையனின் காது மடல் சிவந்தது. கூடம் பெருக்கும் முனீஸ்வரி ஓடிவந்து சில்லை அள்ளினாள்.

உடையாத சாமானாகக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்? மகனின் கோலிக்குண்டுகளைப் பிரித்து எட்டுத் தட்டில் வைத்தான்.

"வாய விட்டுப் போன சொல்லு, உருண்டு போன கோலி மாதிரி. திரும்பப் பிடிக்க முடியாது. கீழ மட்டும் கொட்டிராதீக. கையெடுத்துக் கும்புடுறேன்!"

எட்டுப் பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். கிள்ளிப் பார்த்தார்கள். நகம்தான் வலித்தது. எட்டுத் தட்டும் ஒன்றாகக் கவிழ்ந்தன.

வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்க, சரியாக அந்த நேரத்தில் சாம்சன் முதலாளி உள்ளே கால் வைத்தார். வைத்த கால் தரையில் நிற்கவில்லை.

முதலாளி தொப்பென்று உட்கார்ந்ததும் ஜக்கையனுக்குள் இருந்ததெல்லாம் வெடித்தது.

"மாட்டுக்குச் சொன்னாக்கூட மண்டைய ஆட்டிட்டுக் கேக்கும்யா! நீங்கள்லாம் மனுசங்களா? வெளிய போங்கய்யா எல்லாரும்! போங்க!" சாக்குப்பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். உள்ளேயிருந்த ஈயச்சட்டி நசுங்கியது. தங்கபாண்டி மெதுவாகக் குக்கர் வெயிட்டை மேசையில் எடுத்து வைத்தார்.

ஜக்கையன் ஓடிப்போய் முதலாளியைத் தூக்கினான். "பாத்தீகளா முதலாளி? பன்னெண்டு வருசமா இவுககிட்டதான் குப்ப கொட்டுறேன். இவுகளுக்குப் போய்ப் பாடம் நடத்தச் சொன்னீகளே!"

சாம்சன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தேடினார்.

கோலிகளைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்த முனீஸ்வரிதான் நிமிர்ந்தாள்.

"இந்த வகுப்ப வைக்கச் சொல்லி மொதலாளிகிட்ட மனுக் குடுத்ததே இந்த வியாபாரிகதாண்ணே. நடத்துற உங்க மண்டையிலயாச்சும் ஏறாதான்னு."