நீலம் இல்லாத வால்நட்சத்திரம்

ஒரு வால்நட்சத்திரத்துக்காகப் பன்னிரண்டாயிரம் கோழிகளின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். புதுச்சத்திரத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் ‘மூணு தடவை’. டீக்கடையில் போய் உட்கார்ந்தால், “ஒரு டீயா, மூணாங்க?” என்பார்கள்.

எல்லாம் அந்த கேமரா செய்த வேலை. வானத்தைப் படம் பிடிக்கவென்றே வாங்கியது. ஆனால் அதற்குக் கறுப்பு வெள்ளை தவிர ஒன்றும் தெரியாது. சிவப்புக் கண்ணாடி மாட்டி ஒரு தடவை, பச்சை மாட்டி ஒரு தடவை, நீலம் மாட்டி ஒரு தடவை எடுத்து, கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாக்கினால்தான் கலர் வரும். பழகிப் பார்க்க, முதலில் தன் சம்சாரத்தை, நான் அக்கா என்று கூப்பிடுபவரை, உட்காரவைத்தார். நடுவில் அக்கா ஆட்டை விரட்டத் திரும்பித் திரும்பி உட்கார்ந்ததில், படத்தில் மூன்று நிறத்தில் மூன்று தலை.

“ஏனுங்க, என்னைய ராவணனுக்குத் தங்கச்சியாக்கிப் போட்டீங்களே!”

“நீ அசைஞ்சா நான் என்ன பண்றது புள்ள? வால்நட்சத்திரமும் உன்னையாட்டந்தான், ஓரெடத்துல நிக்காது. வெரசா எடுக்கோணும்.”

அந்த வருடம் வால்நட்சத்திரம் வந்தேவிட்டது. பொழுது சாய்ந்ததும் மேற்கே, தென்னைக்கு மேலே, ஊதிவிட்ட திருநீறு மாதிரி மெல்லிசாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் கனவா நிஜமா என்று குழம்பும். ஆனால் அந்த நேரத்தில்தான் கொட்டகையில் லைட் எரிய வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையைக் குறைத்துவிடும். அந்த வெளிச்சத்தில் வானமே வெளுத்துப்போனது. லைட்டைக் கொஞ்சம் அணைக்கலாம் என்று மனிதர் அக்காவிடம் தினமும் கெஞ்சினார். கடைசி நாள், இன்றைக்கு விட்டால் இனி நம் ஆயுசில் இல்லை என்றதும் அக்கா இறங்கிவந்தார்.

“அரை மணி நேரந்தானுங்க. அப்பறம் முட்டை கொறைஞ்சா நீங்கதான் ஒக்காந்து போடோணும்.”

லைட் அணைந்தது. கோழிகள் முணுமுணுத்து அடங்கின. கொல்லிமலைக் காற்று மெதுவாக வந்தது. மூன்று பேரும் மிதக்கிற மாதிரி நின்றோம். சிவப்பு முடிந்தது. பச்சை முடிந்தது. நீலக் கண்ணாடியை மாட்டும்போது கொட்டகைக்குள் கோழிகள் அலறின.

“பாம்பு பூந்திருச்சாட்டம் இருக்குது. நீங்க எடுங்க, நான் பாத்துட்டு வாரேன்” என்று அக்கா இருட்டுக்குள் போய்விட்டார்.

மனிதர் வானத்தைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி அத்தனை லைட்டையும் போட்டுவிட்டார். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. ஒரு பெருச்சாளி தீவனத்தில் உட்கார்ந்து எங்களை முறைத்தது. பன்னிரண்டாயிரம் கோழிகளும் ஒரே குரலில் வைதன. வால்நட்சத்திரம் தென்னைக்குப் பின்னால் இறங்கிப்போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏனுங்க லைட்டைப் போட்டீங்க? எடுத்திருக்கலாமில்லீங்க?” என்றார் அக்கா.

“நீ உள்ள போயிட்டியே புள்ள” என்றார். அவ்வளவுதான்.

நீலம் இல்லாமல் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்தான் வருமாம். படத்தில் வால்நட்சத்திரம் மஞ்சளாக வழிந்து கிடந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தார். “ஒடைச்சு ஊத்துன முட்டையாட்டம் இருக்குதுங்க. நல்லாத்தான் இருக்குது” என்று சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். தோசைக்கல்லில் முட்டையை உடைத்து ஊற்றும்போது, மஞ்சள்கரு ஒருபக்கமாக வால்விட்டு ஓடினால், அதைக் கலைக்க எனக்கு மனசு வருவதில்லை.