மூக்கால் விவசாயம் பார்ப்பவர்

கத்தரிச் செடியைக் கண்டால் நீங்களும் நானும் காயைப் பார்ப்போம். குனிந்து, கண்ணை மூடி, இலையைக் கசக்கி முகர்ந்து, "பூச்சிக்கு மூக்குதான் கண்ணு" என்று சொல்கிற ஓர் இனம் உண்டு. பகலெல்லாம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் இருக்கும். மாலையானால் அடுத்தவர் தோட்டத்தில் நிற்கும். அடையாளம் வேண்டுமா? சட்டைப் பையில் பேனாவோடு ஒரு துளசிக் கொத்து.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தாணுலிங்கம் அண்ணாச்சி. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட்.

பக்கத்து வீட்டு உமாராணி உப்பள வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் கத்தரி போட்டிருந்தாள். முதல் போகத்தைக் காய்ப்புழு தின்று தீர்த்தது. இரண்டாவதும் போனால் மறுபடி உப்பளம்தான். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வேலியைத் தாண்டினார்.

"ஏளா உமா, கத்தரி வாசம் பிடிச்சுத்தான் அந்துப்பூச்சி வந்து முட்டை போடுது. ஊடால கொத்தமல்லியும் சோம்பும் போடு. வாசம் குழம்பிரும். வழி தெரியாம அலையட்டும்!"

நல்ல யோசனைதான். அவரே விதை வாங்கி வந்து, முட்டி போட்டு விதைத்தும் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் எழுத என்ன இருக்கிறது?

நிறுத்துவார்களா? கொத்தமல்லி முளைத்து நிமிர்வதற்குள் பொறுமை போய்ப் பூண்டை அரைத்துத் தெளித்தார். பூண்டு போதாதோ என்று பெருங்காயத்தைக் கரைத்தார். அதற்குத் துணையாக வேப்பெண்ணெய், அதற்கும் துணையாக நொச்சிக் கஷாயம், எல்லாவற்றுக்கும் மேலே கற்பூரம் என்று அவர் ஊற்ற ஊற்ற, தெருவுக்குள் வந்த மீன்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். மீன்காரர்!

காய் எடுக்க வரும் வியாபாரி மாசானம் கூடையை முகர்ந்து பார்த்தார். "இது கத்தரிக்காயா, காயத்தூளா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உமாராணி அந்தக் கூடையை நேராக அண்ணாச்சி வீட்டு வாசலில் இறக்கினாள்.

"அண்ணாச்சி, பூச்சி போச்சோ இல்லையோ, வாங்க வந்த ஆளு போயிட்டாரு."

"ஏளா, இன்னும் ஒரே ஒரு வாசம்..."

"வேண்டாம். நீங்க விதைச்சது செடியா நிக்கு. அது போதும். இனி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. உதவப் போய் அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று உண்மையாகவே வலித்தது. அதன்பின் செய்தாரே, அதுதான் அவர் வாழ்நாளிலேயே கடினமான வேலை. சும்மா இருந்தார். பரீட்சை எழுதும் மகனை ஜன்னல் வழியே பார்க்கும் தகப்பனைப்போல, தினமும் வேலிக்கு இந்தப் பக்கமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கொத்தமல்லியும் சோம்பும் பூத்தன. பூவைத் தேடிச் சின்னச் சின்னக் குளவிகள் வந்தன. வந்தவை புழுவையும் ஒரு கை பார்த்தன. சொத்தை இருந்தது, ஆனால் பொறுக்கி எறிகிற அளவுக்குத்தான். மாசானம் மறுபடி வந்து, கூடையை முகர்ந்து பார்த்து, அத்தனையையும் எடுத்துப் போனார்.

உமாராணி ஒரு பை நிறைய இளங்காய் கொண்டுபோய், "உங்க கொத்தமல்லிதான் அண்ணாச்சி காப்பாத்திச்சு" என்றாள். அவர் ஒரு காயை எடுத்து முகர்ந்துவிட்டுப் பணிவாகத் தலையாட்டினார். அந்தப் பணிவு அன்று ஒருநாள் மட்டும்தான்.

மறுநாள் டீக்கடையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணுமே செய்யாம விட்டுரணும்லே. அதுதான் நம்ம டெக்னிக்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், 'கொத்தமல்லிக்குப் பதில் செண்டுமல்லி போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே' என்று நடுவில் ஓர் இடத்திலாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் தயவுசெய்து எங்கள் தெருப்பக்கம் வராதீர்கள். உமாராணி அடுத்து வெண்டை போடப் போகிறாள். அவளுக்கு ஓர் அண்ணாச்சியே போதும்.