மூணு பிஸ்டனும் ஒரு சீலிங் ஃபேனும்

வெள்ளிக்கெழமை மத்தியானம் மூணு மணிக்குக் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு. பேட்டரித் தராசுல நாலு நாளா கூத்தாடிட்டிருந்த நம்பரும் டக்குனு நின்னுச்சு. குமாரவேலுக்கு மூச்சே நின்னுச்சு!

அட சாமி! இத்தனை நாளும் அவன் எடை போட்டது பிஸ்டனை இல்ல. ஃபேன் காத்தை!

குமாரவேலுக்குப் பனியன் கம்பெனில துணி செக்கிங் வேலை. அவங்கிட்ட ஒரு பழைய மாருதி 800. அறுபதுல போனா பல்லெல்லாம் கழண்டு விழுகற மாதிரி நடுங்கும். மூணு பிஸ்டனும் பொட்டு வித்தியாசமில்லாம ஒரே எடைல இருந்தா நடுக்கம் போயிரும், பிக்கப் பிச்சுக்கும்னு பிரவுசிங் சென்டர்ல படிச்சான். அவ்வளவுதான்! எஞ்சினைக் கழட்டிப் பொறவாசல் ரூம்ல பரப்பிட்டான். துணிய வட்டமா வெட்டி எடை பாக்கற ஜிஎஸ்எம் தராசைக் கம்பெனில கெஞ்சி வாங்கிட்டு வந்தான். துணின்னா காத்துப் படாம அதோட கண்ணாடி மூடிக்குள்ள அடங்கும். பிஸ்டன் அடங்குமா? மூடியக் கழட்டிட்டான்.

மேல ஃபேன் சுத்துது. கீழ நம்பர் ஆடுது. ஒண்ணாவது கூட இருக்குதா? அரத்தை எடு, ராவு. இப்ப ரெண்டாவது கூட. ராவு. அப்ப மூணாவது? ராவு! ராவி ராவி அதோட மண்டைல ஓட்டையே விழுந்துருச்சு. அது வழியாப் பாத்தா நின்னுபோன ஃபேன் நல்லாத் தெரியுது.

அந்த ஃபேனைப் போட்டது யாரு? பொண்டாட்டி சண்முகப்பிரியா. "வேர்க்குதுங்களே மாமா"ன்னு தெனமும் வந்து போட்டுவிட்டுப் போனா. கல்யாணத்துக்கு முன்னால அஞ்சு வருசம் கம்பெனி லேப்ல இதே மாதிரி தராசுல எடை பாத்தவ. ஃபேனை அணைக்காம தராசுப் பக்கமே போக மாட்டா!

உண்மையான பிரச்சனை பிஸ்டன் இல்லீங்க. ஷெட்டு. கார் நிக்கற ஷெட்டுல ரெண்டு ஓவர்லாக் மெஷின் போட்டுத் தைக்கோணும்னு அவளுக்கு ஆறு மாச ஆசை. திங்கக்கெழமை இவன் வாயக் குடுத்துட்டான்.

"வெள்ளிக்கெழமை அஞ்சு மணிக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆகும் புள்ள!"

"ஆகலீன்னா?"

"ஷெட்டு உனக்கு. சிவன்மலை முருகன் மேல சத்தியம்!"

"சரிங்க மாமா."

இப்ப மணி மூணேகால். எஞ்சின் பூரா தரைல கெடக்குது. குமாரவேல் ரூமைப் பூட்டிட்டுப் பக்கத்து ஊட்டு சசிகுமாருக்குப் போன் அடிச்சான். துணி மூட்டை ஏத்தற ஆம்னி வேன் வெச்சிருக்கறவன்.

"சசி, அஞ்சு மணிக்கு வேனைக் கொண்டாந்து எங்க ஷெட்டுக்குப் பின்னால நிறுத்து. நான் ஒரு ஹாரன் அடிச்சா ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு அடிச்சா ஆஃப் பண்ணு."

"எதுக்குங்ணா?"

"என்ர மானம்டா!"

மணி அஞ்சு. கார்ல ஏறி உக்காந்தான். சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. சண்முகப்பிரியா பானெட்டுக்கு முன்னால கையக் கட்டிட்டு நின்னா.

"செல்ஃபை அடிங்க மாமா."

ஒரு ஹாரன். சாவியத் திருப்புனான். ஒரு செகண்டு... ரெண்டு செகண்டு... டுர்ர்ர்ர்ர்! சொவத்துக்குப் பின்னால ஆம்னி உறுமுச்சு. முருகா!

"அட! ஓடுதுங்களே! கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதிங்க."

மிதிச்சான். சத்தம் ஏறல. இருமுனான். கத்தி இருமுனான். அப்பறந்தான் ஏறுச்சு.

"போதும், கொறைங்க."

இவன் காலை எடுக்கறதுக்கு முன்னாலயே சத்தம் கொறைஞ்சுது. அவ பானெட் மேல கைய வெச்சா.

"ஏனுங்க மாமா, துளி நடுக்கமே இல்லீங்களே!"

"அதாம் புள்ள பேலன்ஸு!" கொஞ்சம் தெம்பு வந்துருச்சு அவனுக்கு. "கிராம் கணக்குல ராவிருக்கறனல்லோ! டம்ளர்ல தண்ணி வெச்சாலும் அலுங்காது."

"கெட்டிக்காரருதாம் போங்க. செரி, அணைங்க."

பெருமைல ரெண்டு ஹாரனை மறந்துட்டான். சாவியத் திருப்பி அணைச்சான். டுர்ர்ர்ர்ர்! சாவியவே உருவிக் கைல எடுத்தான். டுர்ர்ர்ர்ர்! சண்முகப்பிரியா சாவியப் பாத்தா. இவனப் பாத்தா. சிரிக்கவே இல்ல. எட்டி நின்னு சொவத்துக்கு அக்கட்ட கூப்புட்டா.

"சசி! எங்க மாமா மறந்துட்டாரு. நீயே அணைச்சுட்டு... இல்ல, அணைக்காத சாமி, அப்பிடியே முன்னால கொண்டா!"

வேன் சுத்திட்டு வந்து வாசல்ல நின்னுச்சு. பின்கதவைத் தெறந்தா உள்ள ரெண்டு ஓவர்லாக் மெஷின். பூ வெச்சு, பொட்டு வெச்சு, அவிநாசில இருந்து வந்து உக்காந்திருக்குது. சசிகுமார் தலையச் சொறிஞ்சான்.

"கோவிச்சுக்காதீங்ணா. நீங்க மூணேகாலுக்குத்தான் சொன்னீங்க. அக்கா செவ்வாக்கெழமையே வேனுக்கு வாடகை பேசிட்டாங்க."

செவ்வாக்கெழமை! அன்னைக்குத்தான் அவ மொதமொதலா ஃபேனைப் போட்டுவிட்டது!

அதுக்குள்ள அவ சீலைய இழுத்துச் சொருகிட்டுக் காரோட அந்தப் பக்கம் போய் நின்னுட்டா.

"எறங்கி ஒரு கை புடிங்க மாமா, வெளிய தள்ளிரலாம். எஞ்சினில்லாத வண்டிதானுங்களே, லேசாத்தான் போகும்."

ஏனுங்க, உங்க ஊட்லயும் இப்பிடி ஒரு ஷெட்டு கைவிட்டுப் போயிருக்குதுங்களா? இல்ல, இவன் ஒருத்தன் மட்டுந்தானா?